ரவுண்டானாப் பொண்ணுக்குக் காதுகுத்து

எங்க ஊரு ரவுண்டானாவுல நிக்கிற சிலைக்குக் காது குத்துனோம்னு வெளியூர்க்காரங்ககிட்ட சொன்னா, யாருக்கும்மா காது குத்துறன்னு என்னையே திருப்பிக் கேக்குறாங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல சந்தனமாரி ஃபேன்சி ஸ்டோர்னு போர்டு போட்டு, வளையலும் பொட்டும் ஹேர்பின்னும் வித்துக்கிட்டு, காலையில ஷட்டரைத் தூக்குனா பொழுதடைய இறக்குற வரைக்கும் அந்த ரவுண்டானாவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறவ நான். பொய் சொல்லி எனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல. நடந்ததைச் சொல்றேன், கேக்குறவங்க கேளுங்க.

சிலையைச் செஞ்சது எங்க ஊரு முப்பிடாதி. மெட்ராஸ்ல சிற்பம் படிச்சவ, ஜெர்மனி ஜப்பான்னு போய்ச் சிலை வச்சுட்டு வந்தவ, தலையை கிராப்பு வெட்டிக்கிட்டுப் புல்லட்ல சுத்துவா. ரவுண்டானாவுக்கு அழகா ஏதாவது வேணும்னு பேரூராட்சியில கேட்டப்போ, ஆளாளுக்கு யானை வைக்கலாம் நீரூத்து வைக்கலாம்னு சொல்லிக்கிட்டிருக்க, இவ பேசாம கண்மாயில இறங்கிக் களிமண்ணை வெட்டி எடுத்து, ஊர் எல்லையில நிக்கிற காவல் சாமியைச் சுடுற மாதிரியே துண்டு துண்டா சூளையில சுட்டு, உள்ளே இரும்புக் கம்பி குடுத்து நிப்பாட்டி, இடுப்புக்கு பைக் செயின்ல ஒட்டியாணம் மாட்டி, கறுப்பு கேபிள் வயரை முழங்கால் வரைக்கும் சடையாப் பின்னி, ஜடைவில்லைக்குப் பதிலா கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற பச்சைத் தகட்டை வரிசையாப் பதிச்சு, பழைய பட்டுச்சேலைக் கரையையும் கிழிஞ்ச ஃப்ளெக்ஸ் பேனரையும் ஒண்ணாச் சேத்துச் சேலை கட்டி, ரெண்டு ஆள் உசரத்துக்கு ஒரு பொம்பளையைச் செஞ்சு கொண்டாந்தா. கிரேன் வச்சுத்தான் தூக்கி நிப்பாட்டுனாங்க. கண்ணு ரெண்டும் மூடியிருந்துச்சு. காதை மட்டும் தோள் தொடுற மாதிரி நீளமா இழுத்து விட்டிருந்தா, ஆனா ஓட்டை போடல. ஏன்டின்னு கேட்டேன். "இவ பாம்படம் போடுறவளா, ஹெட்போன் மாட்டுறவளான்னு எனக்கே இன்னும் தெரியலக்கா. தெரியிறப்ப பாத்துக்கலாம்"னு சொல்லிட்டா.

பத்திரிகை அடிச்சது தங்கப்பழம் அண்ணாச்சி. எங்க ஊருல அச்சாபீஸ்னா அவர்து ஒண்ணுதான், கல்யாணம் காதுகுத்து கருமாதி கோயில் கொடை எல்லாம் அவர் கையால அச்சானாத்தான் நடந்த மாதிரி இருக்கும். சிலை திறப்புக்கெல்லாம் அவர் அடிச்சுப் பழக்கமில்ல, அதனால கோயிலுக்கு அடிச்ச பழைய பத்திரிகை ஒண்ணைக் கம்ப்யூட்டர்ல எடுத்து, தேதியை மாத்தி, இடத்தை மாத்தி, தலைமை தாங்குறவர் பேரை மாத்தி, எல்லாத்தையும் ஒழுங்கா மாத்துன மனுசன் ஒரே ஒரு சொல்லை எடுக்க மறந்துட்டாரு. 'சிலை திறப்பு விழா'ன்னு வரவேண்டியது 'சிலை கண் திறப்பு விழா'ன்னு அச்சாகி வீடு வீடாப் போயிருச்சு. விழா அன்னைக்குச் சேர்மன் கயித்தை இழுத்தாரு, மூடியிருந்த துணி வழுக்கிக் கீழே விழுந்துச்சு, ஜனங்க கையைத் தட்டுனாங்க, அவ கண்ணைத் தொறந்தா.

பொய்யில்ல, தொறந்தா. தூங்கி முழிச்ச பச்சைப்புள்ள வெளிச்சத்துக்குக் கூசுமே அப்படிக் கூசுனா, ரெண்டு மூணு தடவை இமையைக் கொட்டுனா, அப்புறம் எல்லாரையும் ஒவ்வொருத்தரா நின்னு நிதானமாப் பாக்க ஆரம்பிச்சா. முன்வரிசையில உக்காந்திருந்த பெரிய மனுசங்க வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டாங்க. பரோட்டா மாஸ்டர் பிச்சுமணி கையில இருந்த பத்திரிகையைப் பிரிச்சுப் பாத்துட்டு, "அதான் போட்டிருக்கே"ன்னாரு. அதோட எல்லாருக்கும் சமாதானம் ஆகிப்போச்சு. கேசரியை வாங்கித் தின்னுட்டுக் கலைஞ்சு போயிட்டாங்க. முப்பிடாதிதான் ரொம்ப நேரம் அங்கேயே நின்னா. இமைக்குள்ள நான் கண்ணே வைக்கலக்கா, அது அவளாக் கொண்டாந்த கண்ணுன்னா.

அன்னையில இருந்து எங்க ஊரு பிழைப்பே மாறிப்போச்சு. அவ பாக்குறா. அதைத் தவிர அவளுக்கு வேற வேலையில்ல. பஸ்ஸைப் பாக்குறா, பஸ்ல தொங்குறவனைப் பாக்குறா, பொண்ணுங்க என் கடையில வளையல் போட்டுப் பாக்குறதைப் பாக்குறா, பிச்சுமணி பரோட்டா மாவை வீசுறப்ப அது மேல போறதையும் கீழ வர்றதையும் அலுக்காமப் பாக்குறா. பாக்குறப்ப, இது என்ன, இது எதுக்குன்னு அவ கண்ணுல ஒரு கேள்வி நிக்கும், அதைப் பாத்துட்டுப் பதில் சொல்லாம எவனாலயும் தாண்டிப் போகமுடியல. ஆனா ஓட்டையில்லாத காது கேக்காதே, அதனால எல்லாரும் கையாலயே சொல்ல ஆரம்பிச்சாங்க. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிச்சுக் காட்டி, இதை வாங்குனா உள்ள ஏறலாம், இல்லேன்னா இறங்கணும்னு நடிச்சுக் காட்டுனாரு. பிச்சுமணி ஒரு பரோட்டாவைப் பிச்சு வாயில வச்சு மென்னு காட்டி, வயித்தைத் தடவிக் காட்டி, இன்னொண்ணு வேணும்னும் காட்டுனாரு. பிள்ளைத்தாச்சி ஒருத்தி மூச்சிரைக்க வந்து நின்னப்போ அந்த வயித்தையே அவ பாத்துக்கிட்டிருக்க, அந்தப் பொண்ணு வெக்கத்தோட கையை வயித்து மேல வச்சு, தொட்டில் ஆட்டுற மாதிரி ஆட்டிக் காட்டிட்டுப் போச்சு. ஊருல ஒருத்தருக்கொருத்தர் முறைச்சுக்கிட்டுத் திரிஞ்சவனெல்லாம் அவளுக்கு ஒண்ணை விளக்குறதுக்காக ஒண்ணாச் சேந்து நின்னு நடிச்சான். எங்க எல்லாருக்கும் அவமேல அவ்வளவு பிரியம் வந்துருச்சு. ரவுண்டானாப் பொண்ணு, ரவுண்டானாப் பொண்ணுன்னு சொல்லிச் சொல்லி அதுவே பேராயிருச்சு.

தங்கப்பழம் அண்ணாச்சி அச்சுக்கு இருக்குற சக்தி எல்லாருக்கும் புரிஞ்சது ஜவுளிக்கடை நோட்டீசால. கீழபஜார் ஜவுளிக்கடைக்காரர், 'ரவுண்டானாப் பொண்ணே திரும்பிப் பார்க்கும் கடை'ன்னு விளம்பரம் அடிச்சு வீசுனாரு. மறுநாள் காலையில நான் ஷட்டரைத் தூக்குனா, அவ கழுத்தைத் திருப்பி ஜவுளிக்கடையைப் பாத்துக்கிட்டிருக்கிறா. அவ்வளவுதான், தங்கப்பழம் வீட்டு வாசல்ல கூட்டம். பொண்ணு அமையாத ஒருத்தன் தன் கல்யாணப் பத்திரிகையை மணமகள் பேரில்லாம அடிச்சு வாங்கிட்டுப் போய் ஊரெல்லாம் குடுத்துப் பாத்தான், ஒண்ணும் நடக்கல, இன்னைக்கு வரைக்கும் ஒண்டிக்கட்டைதான். மனுசங்களுக்கு அந்த அச்சு பலிக்காது, அவளை வச்சு அடிக்கிறது மட்டும் அப்படியே பலிக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. தங்கப்பழம் அண்ணாச்சிக்குச் சோறு இறங்கல. ஒரு காலு, ஒரு கொம்பு மாறிப்போச்சுன்னா என்ன ஆகும் சந்தனம்னு எங்கிட்ட வந்து புலம்புவாரு, ஒரு வரியை ஒம்பது தரம் வாசிச்சுட்டுத்தான் மெஷினை ஓடவிடுவாரு.

பிரியம்னு ஒண்ணு வந்துட்டா, யாருக்குங்கிற கேள்வியும் பின்னாலயே வந்துருமே. மூக்கைப் பாத்தா எங்க தெரு மூக்கா இருக்குன்னான் ஒருத்தன். நெத்தியைப் பாத்தா எங்க ஆளுக நெத்தின்னான் இன்னொருத்தன். களிமண் எங்க பக்கத்துக் கண்மாய்னு ஒரு தெரு கூடுச்சு, சுட்ட சூளை எங்க இடம்னு ஒரு தெரு கூடுச்சு, அந்தப் பட்டுக்கரை எங்க வீட்டுப் பழைய சேலைன்னு ஒரு அம்மா அழுதுக்கிட்டே வந்தா. வெளியூர்ல யாரைப் பாத்தாலும் ரெண்டாவது வார்த்தையா நீங்க எந்த ஊரு, எந்தப் பக்கம், யாரு வீடுன்னு துருவித் துருவிக் கேக்குற ஜனங்கதானே நாங்க. அவளை விட்டுவைப்போமா. அவதான் வாயில்லாம நின்னா.

கடைசியில கோயில் கமிட்டித் தலைவர் உலகநாதன் ஊரைக் கூட்டுனாரு. கெட்ட மனுசன் இல்ல, சொல்லிடுறேன், எதையும் முறைப்படி செய்யணும்னு நினைக்கிறவரு, அதுதான் அவரோட தொல்லையே. "கண்ணு தொறந்த சிலையை வெயில்லயும் மழையிலயும் நடுரோட்டுல நிப்பாட்டக்கூடாது. கண்ணு தொறந்தா அது சாமி. சாமிக்குக் கருவறை வேணும், கதவு வேணும், திரை வேணும். ஆடி வெள்ளிக்குப் பிரதிஷ்டை வச்சுருவோம். பத்திரிகைக்குத் தங்கப்பழத்துக்கிட்ட சொல்லியாச்சு"ன்னாரு.

முப்பிடாதி கூட்டத்துக்கு நடுவுல எந்திரிச்சா. "கருவறைக்குள்ள வச்சா அவ எதைப் பாப்பா மாமா? ஒரே வாசல், ஒரே பக்கம். வர்றவன் எல்லாம் கண்ணை மூடிக்கிட்டு அது குடு இது குடுன்னு கேப்பான். அவ யாரையும் ஒண்ணும் கேக்கமுடியாது. அவ சாமி இல்ல. பொண்ணு."

"யாரு வீட்டுப் பொண்ணு?"ன்னாரு உலகநாதன்.

"என் பொண்ணு. நான் செஞ்சேன்."

"செஞ்சே, சரி. குயவர் வீட்டுல செஞ்ச சாமியெல்லாம் குயவர் பிள்ளையா? உறவுன்னு சொல்ல ஒரு ஆள் உண்டா அவளுக்கு? நாதியத்து நடுரோட்டுல நிக்கிறவளுக்கு நாங்க ஒரு இடம் குடுக்கோம், அதைத் தப்புங்கிறியே தாயி. அவளுக்கு உறவுமுறைன்னு யாராச்சும் இருந்தா ஆடி வெள்ளிக்கு முந்தி முன்னால வரச்சொல்லு, நான் பேசாமப் போயிடுறேன்."

நாதியத்தவன்னு அவர் சொன்னது முப்பிடாதிக்கு எங்க குத்துச்சுன்னு எனக்குத் தெரியும். அவளுக்கும் ஊருக்குள்ள யாருமில்ல. இருக்குற ஒரே அண்ணன் மாசானம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால டூவீலர் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கிறவர், அவகிட்டப் பேசுறதில்ல. அவங்க அம்மா இறந்த அன்னைக்கு, குளிப்பாட்டத் தூக்குறதுக்கு முந்தி, முப்பிடாதி ஓடிப்போய் பிளாஸ்டர் மாவைக் கரைச்சுக் கொண்டாந்து அம்மாவோட ரெண்டு கையையும் அச்சு எடுத்தா. அண்ணன் அழுதுக்கிட்டே அந்தக் கையைப் பிடிச்சு அசையாம வச்சுக்கிட்டிருந்தாரு, வீட்டுல வச்சுக் கும்பிடத்தான் எடுக்கிறான்னு நினைச்சு. இவ அந்த அச்சுல செம்பை ஊத்தி, டெல்லியில ஒரு கண்காட்சியில வச்சு, அங்க யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்க. அம்மா கையை வித்துட்டா, சோறு போட்ட கையை வித்துட்டான்னு மாசானம் அண்ணாச்சி அன்னைக்குச் சொன்னதுதான். அப்புறம் அவ இருக்குற பக்கம் மூஞ்சியைத் திருப்புனதில்ல. பஞ்சர் ஒட்ட அவ புல்லட்டை உருட்டிக்கிட்டு வந்தாக்கூட ஷெட்டுக்குள்ள போயிருவாரு, வேலைக்காரந்தான் ஒட்டிக் குடுப்பான்.

கூட்டம் முடிஞ்சு முப்பிடாதி என் கடையில வந்து உக்காந்தா. கோயில் பத்திரிகையை இன்னும் மெஷின்ல ஏத்தாம வச்சிருந்த தங்கப்பழம் அண்ணாச்சியும் வந்தாரு. என்னைக் கேட்டா, 'சிலை இங்கேயே இருக்கும்'னு ஒரு நோட்டீசை அடிச்சுத் தள்ள வேண்டியதுதானேன்னேன். அவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. "பத்திரிகைன்னா ஒரு விசேஷம் வேணும்லா தாயி. சிலை சும்மா நிக்கும் விழான்னு எப்படி அடிக்க?" திரும்பி ரவுண்டானாப் பொண்ணு காதைப் பாத்தாரு. பிறகு மெதுவாச் சொன்னாரு. "காதுகுத்துன்னு போட்டா என்ன? காது குத்துனா காதும் கேக்கும். அதோட காதுகுத்துப் பத்திரிகைன்னா தாய்மாமன் பேரு வந்தாகணும். மாமன் இருக்குறவளை எவன் நாதியத்தவன்னு சொல்லமுடியும்?"

விஷயம் உலகநாதன் காதுக்குப் போச்சு. "முருகனுக்குப் பெருமாள் தாய்மாமன் இல்லையா? மாமன் இருந்தா சாமி இல்லேன்னு ஆயிருமா?"ன்னு கேட்டாராம். பிச்சுமணிதான் பதில் சொல்லியிருக்காரு, "அது சாமிக்குச் சாமி மாமன். எண்ணெய் அழுக்கோட டீ குடிக்கிற மாமன் எந்தச் சாமிக்கு இருக்கு?" உலகநாதன் யோசிச்சுப் பாத்துட்டு, நியாயந்தான்னு ஒத்துக்கிட்டாரு. ஆனா ஆள் வரணும், பேரு மட்டும் வந்தாப் போதாதுன்னாரு.

தங்கப்பழம் மாசானம் பேரைப் போடத் தயாரா இருந்தாரு. அவளை வச்சு அடிக்கிற பத்திரிகை, ஒருவேளை பேரைப் போட்டா அவரு காலு தானா நடந்து வந்தாலும் வந்துரும்னு ஒரு நப்பாசை. முப்பிடாதி விடல. "அச்சு இழுத்துட்டு வர்ற அண்ணன் எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. புள்ளி வச்சு விட்டுருங்க." அப்படியே அடிச்சாரு. 'எங்கள் அன்பு மகள் ரவுண்டானாப் பொண்ணைத் தாய்மாமன் மடியில் அமர்த்திக் காதணி அணிவிக்க இருப்பதால் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து', அப்படின்னு வழக்கமா வர்றதுதான். கீழே 'தாய்மாமன்'னு போட்டு வரிசையாப் புள்ளி.

அந்தப் புள்ளியைப் பாத்ததும் எங்க ஊருக்கு வந்துச்சே ஒரு ஆசை. மூக்குக்காரன் வந்தான், நெத்திக்காரன் வந்தான், சூளைக்காரன் வந்தான், நான் உக்காருறேன் நான் உக்காருறேன்னு ஒரே தள்ளுமுள்ளு. உலகநாதனே வந்து, யாரும் இல்லேன்னா கமிட்டி சார்பா நானே மாமன் முறைக்கு உக்காந்து, அப்படியே கோயிலுக்கும் கூட்டிட்டுப் போயிடுறேன்னாரு. மாமன் ஆயிட்டா அவ நம்ம பக்கம்னு ஒவ்வொருத்தனுக்கும் கணக்கு. அப்போ பரோட்டாக் கல்லுக்குப் பின்னால இருந்து பிச்சுமணி பத்திரிகையைச் சத்தமா வாசிச்சாரு. தாய்மாமன் மடியில் அமர்த்தி, அப்படிங்கிறதுகிட்ட வந்ததும் நிறுத்திட்டாரு. எல்லாரும் திரும்பி அவளைப் பாத்தோம். ரெண்டு ஆள் உசரம், சுட்ட மண்ணும் இரும்பும், கிரேன்ல வந்தவ. அச்சுல என்ன இருக்கோ அது அப்படியே நடக்கும்.

ஒருத்தனுக்கு மூட்டுத் தேய்மானம்னு டாக்டர் அன்னைக்குத்தான் சொல்லியிருந்தாராம். இன்னொருத்தனுக்குத் திருப்பூர்ல அவசர சோலி. உலகநாதன் மட்டும் கொஞ்ச நேரம் நின்னாரு, தன் தொடையைத் தானே ஒருதரம் தடவிப் பாத்தாரு, அப்புறம் பிரதிஷ்டைக்கு மேளம் சொல்லணும்னு போயிட்டாரு.

எனக்கு மனசு கேக்கல. ஒரு பத்திரிகையை எடுத்துக்கிட்டு மாசானம் அண்ணாச்சி ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முப்பிடாதி குடுக்கச் சொல்லல, நானாத்தான் குடுக்குறேன்னேன். கையைத் துடைச்சுட்டு வாங்கி முழுசா வாசிச்சாரு. மடியிலங்கிற இடத்துல அவரு கண்ணு நிக்கவேயில்ல, தாய்மாமன்ங்கிற புள்ளியிலதான் நின்னுச்சு. "தாய்மாமனை இப்படித்தான் கூப்பிடுறதா? தாம்பாளத்துல வெத்தலை பாக்கு பழம் வச்சு, கூடப்பொறந்தவ வந்து நின்னு கூப்பிடணும். எல்லாத்துக்கும் முறை தெரியாது அவளுக்கு. செத்த வீட்டுலயும் தெரியல"ன்னு சொல்லி, பத்திரிகையை என் கையில திருப்பிக் குடுத்துட்டுக் குனிஞ்சு வேலையைப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு. திட்டுனதா கூப்பிடச் சொன்னதான்னு தெரியாம நான் வந்து முப்பிடாதிகிட்ட ஒரு எழுத்து விடாம ஒப்பிச்சேன்.

மறுநாள் முப்பிடாதி சேலை கட்டிக்கிட்டு வந்தா. அவளைச் சேலையில பாத்து எம்புட்டுக் காலம் ஆச்சு, கொசுவம் ஒரு பக்கமா ஏறிக்கிடந்துச்சு, நான்தான் பின்னு குத்திச் சரிபண்ணி விட்டேன். தாம்பாளத்தோட நேரா ஒர்க்‌ஷாப்புக்குப் போனா. அண்ணாச்சி ஒரு வண்டிக்கு அடியில படுத்திருந்தாரு. அவ நின்னா. அவரு வெளியில வரல. ஸ்பேனர் சத்தம் மட்டும் நின்னு போச்சு. கூப்பிட வந்தவளுக்கு வாய் வரல, கேக்கப் படுத்திருந்தவருக்கும் எந்திரிக்க வரல. தாம்பாளத்தை அந்த வண்டி சீட்டு மேல வச்சுட்டுத் திரும்பி வந்துட்டா. வரமாட்டார்க்கான்னு சொல்லி என் கடை ஸ்டூல்ல உக்காந்து அழுதா. வெளிநாட்டுக்கெல்லாம் தனியாப் போய்ட்டு வந்தவ, கண்ணாடி வளையலை உருட்டிக்கிட்டே அழுதா. ரவுண்டானாவுல இருந்து அவ அதையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தா, கண்ணுல அதே கேள்வி. இதைக் கையால நடிச்சுக் காட்ட எனக்குத் தெரியல.

ஆடி வெள்ளிக்கு முந்தி வச்ச காதுகுத்து அன்னைக்கு ஊரே கூடிருச்சு. பஸ்ஸெல்லாம் சுத்திப்போகச் சொல்லி ஆள் நிப்பாட்டி, ரவுண்டானாவைச் சுத்திச் சாமியானா போட்டு, நடுவுல மாமன் உக்கார ஒரு ஜமுக்காளத்தை விரிச்சு வச்சோம். காலியா இருந்துச்சு. உலகநாதன் ஒரு ஓரமா கோயில் மேளத்தோட நின்னாரு, மாமன் வராம நேரம் தப்புனா அவளைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்னு. முப்பிடாதி கையில டிரில்லிங் மெஷினை வச்சுக்கிட்டு, சிலையைப் பாக்காம, ஜனங்களைப் பாக்காம, ஒர்க்‌ஷாப் சந்துப் பக்கமே பாத்துக்கிட்டிருந்தா. நல்ல நேரம் முடியப்போகுதுன்னு உலகநாதன் தொண்டையைக் கனைச்சாரு.

அப்போ மாசானம் அண்ணாச்சி வந்தாரு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோள்ல துண்டு, கையில அதே தாம்பாளம். தாம்பாளத்துல வெத்தலைக்குப் பதிலா ரெண்டு பெரிய லாரி பேரிங், பாலீஷ் போட்டு, வெள்ளியாட்டம் மின்னுச்சு, கொக்கி வச்சு வெல்டு பண்ணித் தோடாக்கியிருந்தாரு. யாரையும் பாக்கல. நேரா வந்து ஜமுக்காளத்துல சம்மணம் போட்டு உக்காந்து, துண்டை மடியில விரிச்சு, தலையை நிமித்தி அவளைப் பாத்து, "வா தாயி"ன்னாரு. கையாலயும் கூப்பிட்டாரு.

வேண்டாம்ண்ணேன்னு முப்பிடாதி வாய் வரைக்கும் வந்துருச்சு, நான் பாத்தேன், ஆனா அதுக்குள்ள ரவுண்டானாப் பொண்ணு இறங்கிட்டா. பீடத்துல இருந்து ஒரு காலை எடுத்துக் கீழே வச்சா, ரோடு அதிர்ந்துச்சு. இன்னொரு காலை வச்சா, என் கடைக் கண்ணாடியெல்லாம் குலுங்குச்சு. சடையை முன்னால எடுத்துப் போட்டுக்கிட்டா. பிள்ளைங்க எப்படி உக்காருமோ அப்படியே ஒருக்களிச்சு மாமன் மடியில உக்காந்தா. நான் கண்ணை மூடிட்டேன். ஒண்ணும் முறியிற சத்தம் கேக்கலேன்னதும் தொறந்து பாத்தா, அண்ணாச்சி பல்லைக் கடிச்சுக்கிட்டு, கழுத்து நரம்பெல்லாம் புடைச்சு, ஒரு கையை அவ முதுகுக்கு அணைப்பாக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. கனமா இருக்கான்னு பிச்சுமணி கேட்டாரு. "புள்ளைன்னா கனம் இருக்கும்லா"ன்னாரு அண்ணாச்சி. உலகநாதன் அவரையே பாத்துக்கிட்டு நின்னாரு, பிறகு மேளக்காரங்க பக்கம் திரும்பி, "கோயில் மேளம் வேண்டாம்டே. காதுகுத்து மேளம் அடிங்க"ன்னு சொல்லிட்டு, துண்டை இறக்கி இடுப்புல கட்டிக்கிட்டுப் பந்தி வேலையைப் பாக்கப் போயிட்டாரு.

முப்பிடாதி பக்கத்துல வந்து குனிஞ்சா. அண்ணன் மூஞ்சிக்கும் தங்கச்சி மூஞ்சிக்கும் நடுவுல அந்தக் காதுதான் இருந்துச்சு. மெஷினை ஓடவிட்டா, செம்மண்ணு தூளாக் கொட்டுச்சு, ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம். அண்ணாச்சி தோட்டை மாட்டிவிட்டாரு. அவ கண்ணு அப்படியே விரிஞ்சுச்சு. மேளக்காரங்க தானா நிறுத்திட்டாங்க. தூரத்துல திருப்பிவிட்ட பஸ்ஸு டிரைவர்கூட இன்ஜினை ஆஃப் பண்ணிட்டாரு. முதமுதலா கேக்கப்போறவ என்னத்தைக் கேப்பான்னு ஊரே வாயைப் பொத்திக்கிட்டு நின்னுச்சு.

அண்ணாச்சி அவ காதுகிட்ட வாயை வச்சுப் பேசுனாரு. "நான் உன் மாமன் தாயி. உங்க அம்மாகிட்ட எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால நீ கேட்டுச் சொல்லு. உங்க ஆச்சி கையை எந்த ஊர்ல கொண்டு வச்சிருக்கான்னு கேளு."

அவ மெதுவாத் திரும்பி முப்பிடாதியைப் பாத்தா. முப்பிடாதி மெஷினைக் கீழ வச்சா. "டெல்லியிலன்னு உங்க மாமாகிட்ட சொல்லு. வித்தது வித்ததுதான், இல்லேன்னு சொல்லல. ஒரு பெரிய வீட்டுல கூடத்துல வச்சிருக்காங்க. டெல்லி போறப்பெல்லாம் நான் போய்ப் பாத்துட்டுத்தான் வருவேன்னு சொல்லு."

அவ இந்தப் பக்கம் திரும்புனா.

"தொடவிடுறாங்களான்னு கேளு."

"விடுறாங்கன்னு சொல்லு. வர்ற போற பிள்ளைங்கெல்லாம் அந்தக் கைக்குள்ள தன் கையை வச்சுப் பாக்குதுங்க. தொட்டுத் தொட்டு உள்ளங்கை பளபளன்னு ஆயிருச்சுன்னு சொல்லு."

"உலைமூடி சுட்டு வலது சுண்டுவிரல் வளைஞ்சிருக்குமே. அது இருக்கான்னு கேளு."

"அச்சுன்னா எல்லாம் விழும்னு சொல்லு. வளைவும் இருக்கு, தழும்பும் இருக்கு. அவர்தானே அன்னைக்கு அந்தக் கையை அசையாமப் பிடிச்சிருந்தாரு. அம்மா மணிக்கட்டுல அவரு பெருவிரல் அமுக்குன தடமும் விழுந்திருக்கு. அதை நான் தேச்சு எடுக்கலேன்னு சொல்லு."

அவ அண்ணாச்சி பக்கம் திரும்புறதுக்குள்ள அவரு அவளைத் தாண்டி எட்டிப் பாத்துட்டாரு.

"முப்பி, என்னை ஒருதரம் அங்க கூட்டிட்டுப் போறியா?"ன்னு கேட்டாரு.